பிராசசரை மட்டும் மாற்றலாமா, எல்லாவற்றையும் மாற்றலாமா?

கணினியில் ஏஎம்டியின் ரைசன் 5 2600 பிராசசர் வைத்திருப்பவர்கள், அதே ஏஎம்4 (பிராசசர் பொருந்தும் சாக்கெட்டின் வகை) மதர்போர்டில் புதிய ரைசன் 5 5600ஐப் பொருத்தலாம். அல்லது அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்குத் தாவலாம். என் ஓட்டு முன்னதற்கே. பிராசசரின் விலையைவிட, அது தன்னோடு இழுத்துவரும் செலவைத்தான் பார்க்க வேண்டும்.

2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5, டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். பிராசசர் வாங்கச் சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேருக்குப் போனவர் மதர்போர்டு, ரேம் என்று மூன்று பெட்டிகளோடு திரும்ப வேண்டும். மூன்றுக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி வேறு. 2025 இறுதியில் ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்த பிறகு, ஏஎம்4க்கான, கையிலிருக்கும் டிடிஆர்4 ரேமை யார் விடுவார்?

5600இலும் 2600இல் போலவே ஆறு கோர்கள், அதாவது கணக்கிடும் பகுதிகள்தாமே, என்ன ஆதாயம் என்று கேட்கலாம். 2600இல் கோர்கள் மூன்று மூன்றாகப் பிரிந்து, குழுவுக்கு 8 எம்பி எல்3 கேஷை (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) வைத்துக்கொண்டிருந்தன. 5600இல் ஆறும் ஒரே 32 எம்பியைப் பகிர்கின்றன. விளையாட்டின் நடுவே வரும் திக்கல் குறைவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். வெப்ப அளவும் அதே 65 வாட் என்பதால் பழைய கூலரே போதும். விளையாட்டே பிரதானம் என்றால் 96 எம்பி கேஷுள்ள 5700எக்ஸ்3டி இன்னும் மேல். அது 105 வாட், கூலரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய பொருள்கள் விற்கும் கெரோசல் தளத்தில் வாங்குவதானால் புரட்டிப் பார்க்காமல் வெள்ளியை நீட்டாதீர்கள். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1,331 ஊசிகள் இருக்கின்றன, ஏதும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எதையும் வாங்காமலிருப்பதும் ஒரு வழிதான். விளையாட்டில் திரைத் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை ஏறினால் தடை கிராஃபிக்ஸ் கார்டில், ஏறாவிட்டால்தான் பிராசசரில். பிள்ளைகளின் பாடம், அலுவலகக் கோப்பு ஆகியவற்றுக்கு 2600 தாராளம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது என்றும் பதற வேண்டாம். விண்டோஸ் 11, 2600ஐ ஏற்கும்.

இன்டெல் நிறுவனத்தின் 8ஆம் தலைமுறைப் பிராசசர் வைத்திருப்பவர்கள் கதை வேறு. அந்த மதர்போர்டு 9ஆம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் அவர்களுக்கு ஏஎம்5தான் சரி.

ஏஎம்4இல் தொடர்பவர்கள், 2600 இருக்கும்போதே பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள். பழைய பயாஸில் 5600ஐப் பொருத்தினால் திரை எழாது. கூலரைக் கழற்றுமுன் கணினியைச் சற்று நேரம் ஓட்டி, கூலருக்கும் பிராசசருக்கும் இடையிலுள்ள பசை இளகியதும் அணைத்துவிட்டு, இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வரக்கூடும்.