லிப்இவெண்ட், லிப்இவி, லிப்யூவி: மிச்ச வேலை யாருடையது?

சி மொழியில் சர்வர் எழுத, பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் நிகழ்வு நூலகம் தேடுபவர்கள் முதலில் புரட்டுவது வேக அளவீடுகளைத்தான். லினக்ஸில் இம்மூன்று நூலகங்களுமே எந்த இணைப்பு தயார் என்று சொல்லும் கர்னல் வசதியான ஈபோலின் மேல் அமர்ந்திருப்பதால், அந்த வேக வேறுபாடு பெரும்பாலான சர்வர்களில் பொருட்படுத்தத் தக்கதல்ல. சாக்கெட் (பிணைய இணைப்பின் முனை) தயார் என்று தெரிந்த பிறகு மிச்ச வேலையை யார் செய்கிறார்கள் என்பதே என் முதல் கேள்வி.

லிப்இவெண்ட்டின் குறைகளைக் களையும் நோக்கில் 2007இல் வந்த லிப்இவி, ஒரு சாக்கெட்டைக் கவனிக்கும் கண்காணிப்பானை நம் தரவைத் தாங்கும் ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே பதித்துக்கொள்ள விடுகிறது. அந்தச் சிக்கனம் அழகானது. ஆனால் "எழுதலாம்" என்று சொன்னதோடு அது ஒதுங்கிக்கொள்ளும். 64 கிலோபைட் பதிலில் கர்னல் 20ஐ மட்டும் ஏற்றால், மீதி 44ஐப் பத்திரப்படுத்துவதும், எழுதுவதற்கான கண்காணிப்பைத் தொடங்குவதும், கடைசி பைட் போனதும் அதை நிறுத்துவதும் நம் பொறுப்பு. நிறுத்த மறந்தால், இடமிருக்கிறது என்று ஈபோல் ஓயாமல் எழுப்ப, சும்மா இருக்கும் சர்வர் ஒரு சிபியு கோரையே விழுங்கிவிடும். விண்டோஸில் லிப்இவிக்கு, ஈபோலைவிடப் பழைய முறையான செலக்ட் மட்டுமே துணை.

லிப்இவெண்ட்டில் படிப்பதையும் எழுதுவதையும் சேமித்துக் கையாளும் பஃபர்இவெண்ட் இந்தப் பாடு முழுவதையும் தானே ஏற்கிறது. டிஎல்எஸ் மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் ஆதரவும், பெயரிலிருந்து முகவரி தேடும் டிஎன்எஸ் ஆதரவும் உடன் வருகிறது. தற்காலிகச் சேமிப்பு சர்வரான மெம்கேஷ்டும், அடையாளம் மறைக்கும் வலையமைப்பான டோரும் அதன் மேல்தான் ஓடுகின்றன.

ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸுக்காக உருவான லிப்யூவி, வேலையைத் தானே செய்துவிட்டு "முடிந்துவிட்டது" என்று சொல்லும் வகை. அதே வகையில் இயங்கும் விண்டோஸின் ஐஓசிபி வசதியோடு இயல்பாகப் பொருந்துவதும் அதனால்தான். வட்டில் உள்ள சாதாரணக் கோப்புகளை ஈபோல் கண்காணிக்காது என்பதால், கோப்பு வேலைகளை அது த்ரெட் குழுவிடம் (இணையாக ஓடும் செயல் இழைகள்) தருகிறது. இயல்பு நிலையில் அந்தக் குழுவில் 4 த்ரெட்கள்தான்; நான்கும் மெதுவான வட்டில் சிக்கினால், அதே குழுவை நம்பும், பெயரிலிருந்து முகவரி தேடும் கெட்அட்ரின்ஃபோவும் வரிசையில் நிற்கும். இணைப்பை மூடும் யூவி_குளோஸை அழைத்தவுடன் நினைவகத்தை விடுவிப்பதும் தவறு; மூடியதற்கான கால்பேக் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

லினக்ஸில் மட்டும் ஓடி, டிஎல்எஸ் பேசும் சேவைக்கு நான் லிப்இவெண்ட்டையே எடுப்பேன்; விண்டோஸும் கோப்புகளும் சேர்ந்தால் லிப்யூவி. எதை எடுத்தாலும், பதிலைப் படிக்காமல் கோரிக்கைகளை மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு கிளையண்டை இணைத்துப் பாருங்கள். பஃபர்இவெண்ட்டும், லிப்யூவியில் எழுதப் பயன்படும் யூவி_ரைட்டும் எழுத வேண்டியதை வரம்பின்றிச் சேர்த்துக்கொண்டே போகும். வரிசையின் அளவைப் பார்த்து, அந்த இணைப்பிலிருந்து படிப்பதை நிறுத்திவைக்கும் வரிகளை நாம்தான் எழுதியாக வேண்டும்.