சப்பாத்திக்கென்று வாங்கிய வார்ப்பிரும்புக் கல்: பதினான்கு மாதங்களுக்குப் பிறகு

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மீனும் கறியும் அடுப்பேறுவதில்லை. ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம், கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை என்று தை வரைக்கும் சைவச் சமையலே தொடர்வதாலும், ஆறு பேருக்கு இரவில் குறைந்தது இருபது சப்பாத்தி வேண்டியிருப்பதாலும், சென்ற ஆண்டு ஆவணிக் கடைசியில் திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோவிலைச் சுற்றியுள்ள ரத வீதி ஒன்றின் பாத்திரக் கடையில் இந்த வார்ப்பிரும்புக் கல்லை வாங்கினேன். விட்டம் 12 அங்குலம். எடை 3 கிலோவுக்குச் சற்று மேல். விலை 1,100 ரூபாய். நடுவில் குழியில்லாத தட்டைக் கல், இரு பக்கமும் காது.

அதுவரை நான்ஸ்டிக் கல்லில்தான் சப்பாத்தி போட்டுவந்தேன். அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும் என்பதால், எண்ணெயில்லாமல் வெறுங்கல்லை நன்றாகக் காயவிட்டுச் செய்யும் வேலைக்கு அது ஏற்றதன்று. தீயைக் குறைத்துச் சுட்டாலோ மாவிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல வற்றி, சப்பாத்தி அப்பளம் போல விறைத்துவிடும்.

வார்ப்பிரும்பின் குணம் வேறு. அலுமினியத்தைப் போல அது சூட்டை விரைந்து பரப்பாது. ஆனால் கனம் மிகுதியாக இருப்பதால் ஏறிய சூட்டை எளிதில் விடாது. குளிர்ந்த மாவு மேலே விழுந்தாலும் கல் தணிவதில்லை. இரண்டு பக்கத் தோலும் சட்டென்று இறுகி, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, ஓரத்தைத் துணியால் லேசாக அழுத்தினாலே சப்பாத்தி பந்து போல எழும்புகிறது. இதற்குப் பொறுமை வேண்டும். நடுத்தரத் தீயில் ஏழெட்டு நிமிடமாவது கல் காய வேண்டும். “ஏளா, கல்லு காயுமுன்ன மாவப் போடாத” என்று முதல் வாரம் முழுவதும் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்காவது சப்பாத்திக்குப் பிறகு இதற்கு நேர்மாறான சிக்கல் வரும்: சேர்ந்துவிட்ட சூட்டில் சப்பாத்தி கருகத் தொடங்கும். அப்போது தீயைப் பாதியாகக் குறைத்துவிட்டால், மீதி அத்தனையும் ஒரே நிறத்தில் வருகின்றன.

மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அல்வாவுக்குப் பேர் போன ஊரில் சம்பா கோதுமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை மட்டும் மில்லில் கொடுத்து அரைத்துப் பிசைந்தால் இழுவை போதாமல் தேய்க்கும்போதே ஓரம் வெடிக்கிறது. சாதாரணக் கோதுமையோடு பாதிக்குப் பாதி கலந்து, சற்றுத் தளர்வாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்தால் இந்தக் கல்லில் குறை சொல்ல முடியாத சப்பாத்தி கிடைக்கிறது.

இனிக் குறைகள். ஏற்கெனவே பழக்கிய கல் என்றும் அன்றைக்கே பயன்படுத்தலாம் என்றும் கடையில் சொன்னார்கள். நம்பிப் போட்ட முதல் ஐந்து சப்பாத்திகளின் அடியிலும் கரி ஒட்டியிருந்தது. பிறகு இரண்டு நாள் அரிசி கழுநீரில் ஊற வைத்துத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தை வதக்கிக் கொட்டி, மறுபடி எண்ணெய் தடவி, ஒரு வாரம் பாடுபட்ட பின்னரே கல் பழகியது.

தோசைக்கும் இந்த ஒரே கல் போதும் என்று கடைக்காரர்கள் சொன்னதை நான் ஒப்பவே மாட்டேன். சப்பாத்தி போட்ட கல்லில் தோசை எழும்பாது என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: எண்ணெயில்லாமல் ஏறும் சூட்டில், பழக்கியபோது படிந்த எண்ணெய்ப் பூச்சு எரிந்துபோவதோடு, உதிர்ந்த மாவும் கருகிக் கல்லில் ஒட்டிக்கொள்கிறது. ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். மூன்று தோசைகள் சுரண்டலாகவே வந்தன. அத்தையின் பழைய தோசைக்கல் இன்னும் தோசைக்கு மட்டுமே இருக்கிறது.

கல்லோடு சேர்த்து அதே இரும்பில் ஒரு வாணலியும் வாங்கச் சொல்லி வற்புறுத்தினார்கள், வாங்காதது நல்லதாயிற்று. எங்கள் வீட்டில் சப்பாத்திக்குப் பெரும்பாலும் சொதிதான். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறும் அதே சொதி: பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் எல்லாம் மூன்றாம், இரண்டாம் தேங்காய்ப் பாலில் வெந்த பிறகு, முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவது. சோற்றுக்கும் இடியாப்பத்துக்கும் ஆனதைச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்வதா என்று கேட்பவர்கள் உண்டு. இஞ்சிப் பச்சடியும் பக்கத்தில் இருந்தால் கேள்வி எழாது. சொதியில் பிழியும் எலுமிச்சையின் புளிப்பு இரும்பில் பட்டால் சொதி கறுப்பதோடு, இரும்பின் எண்ணெய்ப் பூச்சும் கரையும். புளி சேரும் கூட்டாஞ்சோற்றுக்கும் இதே கதைதான். அவற்றுக்கு எவர்சில்வரோ மண்சட்டியோ போதும்.

எடையும் ஒரு குறைதான். காதுகள் நெருப்பாகக் கொதிப்பதால் பிடிதுணியில்லாமல் தொட முடியாது. அத்தையால் தனியே இறக்கவும் முடியவில்லை. சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும், தரையில் போட்டாலும் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். ஐப்பசி மழையில் ஒரே இரவு ஈரத்தோடு விட்டதற்கு ஓரமெல்லாம் துரு ஏறியது. இப்போது கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, நல்லெண்ணெய் துடைத்துத்தான் வைக்கிறேன்.

ஆறு பேருக்குச் சப்பாத்தி போடும் வீட்டுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு 10 அங்குலமே தாராளம். கைக்கும் அடங்கும், சீக்கிரமும் காயும். வாங்கும்போது கடையிலேயே கல்லைச் சமதரையில் வைத்து ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்த கல் ஆடியது. இரண்டாவதைக் கேட்டு வாங்கினேன்.