பேனா போன்ற பிஎச் மீட்டரை நம்பி 22 மீன்களைக் கொன்றேன்

நேற்று இரவு இருபத்திரண்டாவது மீனை வலையில் அள்ளி எடுத்தேன். கையில் மீன்வாடை இன்னும் போகவில்லை. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்றாள் மனைவி. ஆறிவிட்டால் நான் எழுத மாட்டேன். ஆகவே இப்போதே எழுதுகிறேன்.

100 லிட்டர் தொட்டி, 24 நியான் டெட்ரா. மிச்சம் இரண்டு. இத்தனை நாள் வாங்கிச் சேர்த்த மீன்கள், மீட்டர், திரவ பாட்டில் எல்லாமாக என் கால் மாதச் சம்பளம் போய்விட்டது. விற்றது, மீன் தொட்டிச் சாமான்களை மட்டும் விற்கும் ஓர் இணையக் கடை. பெயரை எழுதப்போவதில்லை. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் கொடுக்க என்னிடம் இன்னொரு கால் மாதச் சம்பளம் இல்லை.

எட்டு மாதமாக மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. நன்றாக இருக்கும் மீனுக்கு எதற்கு வைத்தியம் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. தண்ணீரின் பிஎச்சை, அதாவது அது அமிலமா காரமா என்று காட்டும் எண்ணை (ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்), அளந்து பார்க்கலாமே என்று தோன்றியது, அவ்வளவுதான். கடையின் ஆலோசனை எண்ணை அழைத்தேன். பேசியவன் சின்னப் பையன், குரலிலேயே தெரிந்தது. தொட்டியின் படத்தை அனுப்பச் சொன்னான். பார்த்துவிட்டு, "அண்ணா, ஜாவா பாசி பிரமாதமாக வளர்ந்திருக்கிறதே!" என்றான். விழுந்துவிட்டேன். நியான் டெட்ரா அமேசான் படுகையின் மீன், கடினத்தன்மை குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள தண்ணீர்தான் அதற்கு இயல்பு என்றான். அது சரியான தகவல். ஒன்றைச் சரியாகச் சொன்னவன் மற்றதையும் சரியாகத்தான் சொல்வான் என்று நம்பினேன் பாருங்கள், ஏமாந்த இடம் அதுதான்.

"மீட்டரில் எதையும் சரிசெய்ய வேண்டாம் அண்ணா, தொழிற்சாலையிலேயே அளவுத்திருத்தம் செய்துதான் வருகிறது. தண்ணீரில் விட வேண்டியதுதான்."

விட்டேன். 8.4 என்று காட்டியது. படம் எடுத்து அனுப்பினேன். "ஐயோ, மீன் தாங்காது அண்ணா, உடனே 6.8க்குக் கொண்டுவந்துவிடுங்கள்" என்று பிஎச் குறைக்கும் திரவம் ஒன்றையும் என் தலையில் கட்டினான். பாஸ்பாரிக் அமிலம்தான், பாட்டிலிலேயே எழுதியிருந்தது. தினமும் இரவில் ஒரு மூடி ஊற்றச் சொன்னான்.

முதல் இரவு 7.6க்கு இறங்கியது, விடிந்தால் 8.2. இரண்டாம் இரவு 7.3, விடிந்தால் 8.0. ஏன் திரும்ப ஏறுகிறது என்று கேட்டேன். "தொட்டி பழகும் வரை அப்படித்தான் அண்ணா, விடாமல் ஊற்றுங்கள்" என்றான். அந்த ஒரு கேள்விக்கு அவன் நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால் மீன்கள் பிழைத்திருக்கும்.

பிஎச்சைப் பிடித்து நிறுத்துவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். கேஎச் என்று பரிசோதனைப் பெட்டிகளில் போட்டிருப்பது பெரும்பாலும் அதன் அளவைத்தான். அமிலம் விழுந்தால் பைகார்பனேட்டில் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. இரவெல்லாம் அந்த வாயு வெளியேற வெளியேற பிஎச் மறுபடி ஏறுகிறது. ஏறிவிட்டதே என்று இன்னொரு மூடி ஊற்றினால் மீதமிருக்கும் பைகார்பனேட்டும் குறைகிறது. கையிருப்பு தீரும் அன்று, அதே ஒரு மூடி தொட்டியைக் கவிழ்த்துவிடும்.

நான்காம் இரவு மீட்டர் 6.8 என்று காட்டியது. சாதித்துவிட்டதாக நினைத்துப் படுத்தேன். காலையில் ஆறு மீன்கள் மிதந்தன. மற்றவை தண்ணீர்ப் பரப்பின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. நியானுக்கு அழகே அந்த நீலக்கோடுதான். அது சாம்பல் பூத்தது போல மங்கியிருந்தது.

அழைத்தேன். "பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுச் சமையல் சோடா போடுங்கள் அண்ணா" என்றான். அதையும் செய்தேன். மதியத்துக்குள் பதினாறு போயின. நேற்று இரவு வரை அள்ளிக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடமாக மீன் வளர்ப்பவர். முன்பே அவரிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கடைக்குப் படம் அனுப்புவதற்காகத் தண்ணீர் மாற்றும் முன் ஒரு பாட்டிலில் பழைய தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தேன். அதில் கொஞ்சம் சோதனைக் குழாயில் ஊற்றி, பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் புரோமோதைமால் நீலச் சொட்டு விட்டார். நீலமாக இருந்தால் 7.6 அல்லது அதற்கு மேல், பச்சை என்றால் ஏழை ஒட்டி. என் தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக நின்றது. 6.0 அல்லது அதற்கும் கீழே. பிறகு தன்னிடமிருந்த 6.86 தாங்கல் கரைசலில், அதாவது பிஎச் முன்பே தெரிந்த, மீட்டரைச் சரிபார்க்கும் கரைசலில், என் மீட்டரை நிறுத்தினார். காட்டிய எண் 8.1.

ஆக, முதல் நாள் 8.4 என்று காட்டிய தண்ணீர் உண்மையில் 7.2க்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. தொடவே வேண்டாத தண்ணீர். 6.8 என்று காட்டிய இரவில் 5.6 வரை போயிருக்கும். பிஎச்சில் ஓர் எண் இறங்கினாலே அமிலத்தன்மை பத்து மடங்கு. மீட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே குமிழைக் காயாமல் வைக்கும் சேமிப்புக் கரைசல் ஒரு துளி இல்லை. கண்ணாடிக் குமிழ் சுக்காகக் காய்ந்து கிடந்தது.

"தம்பி, அவ்வளவு அமிலத்தில் வடிகட்டியின் பாக்டீரியா வேலையைக் குறைத்துக்கொள்ளும். கழிவு அம்மோனியமாகச் சேரும், அந்த வடிவத்தில் பெரிய ஆபத்தில்லை. நீ சோடா போட்டு பிஎச்சை ஏற்றினாயே, அப்போதுதான் அது அம்மோனியாவாக மாறி விஷமாகியிருக்கும்" என்றார். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் சுமார் அரை விழுக்காடுதான். 8 என்றால் சுமார் 5 விழுக்காடு.

இனிக் கடையின் பதில்கள். முதலில் ஒரு புகார் எண் வந்தது. பிறகு, "அளவுத்திருத்தம் செய்யாமல் பயன்படுத்தியது வாடிக்கையாளரின் தவறு" என்று வந்தது. வேண்டாம் என்று சொன்னதே உங்கள் ஆள்தான் என்று எழுதினேன். "திறந்த பாட்டிலைத் திரும்பப் பெற இயலாது" என்றார்கள். பாட்டிலைப் பற்றி யார் கேட்டது? அடுத்தது, "உயிரினங்களின் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல". அந்தப் பையனைப் பிடித்தேன். "சார், நான் விற்பனைப் பிரிவு" என்றான். வாங்கும்வரை அண்ணா, செத்த பிறகு சார். அதன்பின் எடுக்கவே இல்லை. இன்று காலை புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டு, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார்கள். என் கால் மாதச் சம்பளத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.

பிஎச்சைப் பரிசோதிப்பது பற்றி விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமையில்லை. மீட்டர் வாங்கினால் தாங்கல் கரைசலில் சோதிக்காமல் ஓர் எண்ணையும் நம்பாதீர்கள். சொட்டுப் பரிசோதனையே வீட்டுக்குப் போதும். கேஎச் பார்க்காமல் அமிலம் ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரைப் பிடித்த உடனே அளக்காதீர்கள், காற்றுக் குமிழி விட்டு ஒரு நாள் வைத்துவிட்டு அளங்கள். பிஎச் ஏறிக்கொண்டே போனால் முதலில் தொட்டியிலுள்ள கல்லில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. இவ்வளவுதான். மிச்சமிருக்கும் இரண்டுக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். இம்முறை ஒவ்வொரு சொம்பாக.