1,84,000 ரூபாய்க்கு ஒரு பச்சை விளக்கு வாங்கினோம் – அபார்ட்மென்ட் சங்கத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் 1,84,000 ரூபாயை, செயலாளர் என்ற முறையில், நானே கையெழுத்துப் போட்டுத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். கேஸ் போடப் போகிறோம், வக்கீல் வாயைத் திறக்காதே என்கிறார். வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஆப் வழியாக வந்த, 'தண்ணீர்ப் பாதுகாப்பு' செய்து தரும் ஆட்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மேடவாக்கம் பக்கம், 48 வீடு. பாதி போர் தண்ணீர், பாதி லாரித் தண்ணீர். பிப்ரவரியில் பி பிளாக் மாமா நிமோனியாவில் 12 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அது தண்ணீரால் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அதே வாரம் சம்பில் அழுகின முட்டை வாடை. மீட்டிங்கில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் ஆப்பைத் திறந்தேன்.

வந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். வாசலிலேயே ஷூவைக் கழற்றினான். மாமி கொடுத்த மோரை மறுக்காமல் குடித்தான். சம்ப், மேல்தொட்டி, மொட்டைமாடி சோலார் ஹீட்டர் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "சார், இன்னைக்கு எதுவும் வாங்காதீங்க. முதல்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தவன்தான் நான். வாங்காதே என்று சொல்கிற வியாபாரியை நீங்கள் சந்தேகப்படுவீர்களா?

ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் அது மைபோலக் கருத்திருந்தது. அன்று சாயங்காலமே வந்து, எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் கூடிய 'அமெரிக்கன் லீஜியன்' என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தாரின் கதையைச் சொன்னான். கொத்துக் கொத்தாய் நிமோனியா, சாவு, மாதக்கணக்கில் காரணம் தெரியவில்லை, கடைசியில் புதிதாய் ஒரு பாக்டீரியா. பெயரே லீஜியோனெல்லா என்று ஆகிவிட்டது. "குடிச்சா வர்றது இல்ல சார், ஷவர்ல தெறிக்கிற சாரலை மூச்சில இழுத்தா வரும். 25-லேர்ந்து 45 டிகிரி அதுக்கு அல்வா. உங்க மாடி டேங்கைத் தொட்டுப் பாருங்க." பூட்டிக் கிடக்கிற வீடுகளின் குழாயில் தண்ணீர் தேங்கும், உள்ளே வழவழவென்று படலம் படியும், கிருமி அதற்குள் ஒளிந்துகொள்ளும் என்றான். பிறகு தேடிப் படித்தேன். இந்தப் பேச்சில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. வயிறு எரிவது அதனால்தான். பொய் வேறு இடத்தில் இருந்தது: அந்தக் கருத்த குப்பி சாக்கடை, மலக் கலப்பைக் காட்டுவதற்கானது, லீஜியோனெல்லாவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. போர் தண்ணீரில் கந்தக வாடை இருந்தாலே அது கருத்துவிடும். ஒன்றைக் காட்டிப் பயமுறுத்தி இன்னொன்றை விற்றிருக்கிறான்.

விற்றது என்ன? ஹைப்போ (குளோரின் கலந்த திரவ மருந்து) சொட்டுவிடும் பம்ப், 35 லிட்டர் கேன், குழாயில் சொருகிய ஒரு சென்சார், பச்சை விளக்கோடு ஒரு பெட்டி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை குளோரின் அளவு என் போனுக்கு வரும். பெட்டி 1,42,000. மாதாமாதம் லேப் டெஸ்டோடு வருடப் பராமரிப்பு 42,000. மொத்தம் 1,84,000, முழுவதும் முன்பணம். "ஆப்ல கட்டினா கமிஷன் போயிரும் சார், நேரா போட்டுடுங்க, அந்தக் காசுக்கு ஒரு சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தரேன்." போட்டேன்.

மூன்று மாதம் 0.50, 0.52, 0.49. குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம்முடையது அதைவிட மேல் என்று தினம் காலையில் வாட்ஸப் குரூப்பில் ஒரு கும்பிடோடு போடுவேன். இப்போது அதையெல்லாம் திரும்பிப் படிக்கக் கூசுகிறது. லாரி வந்த நாளும் 0.50, போர் ஓடிய நாளும் 0.50. தண்ணீர் மாறினால், வெயில் ஏறினால் குளோரின் ஏறி இறங்கத்தானே வேண்டும்? எனக்கு உறைக்கவே இல்லை.

பத்து நாள் முன்னால் சம்ப் கழுவினோம். தண்ணீர் முழுக்க இறைத்தாகிவிட்டது. மோட்டாரை நிறுத்தி, வால்வை மூடி, பைப்பையும் கழற்றிப் போட்டிருந்தோம், சொட்டுத் தண்ணீர் கிடையாது. உள்ளே இரண்டு பேர் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன் 'டிங்' என்றது. 0.51. உங்கள் தண்ணீர் பாதுகாப்பாக உள்ளது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சென்சார் வரைக்கும் போகவே இல்லை. பெட்டிக்குப் பின்னால் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி மடித்து வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டால், "அந்தக் கேனா சார்? வந்த நாள்லேர்ந்து அப்படியேதான் இருக்கு" என்கிறார். எங்களுக்கு ஒரு நாளைக்கு 30,000 லிட்டர் செலவு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் போட்டால் 60 கிராம் குளோரின், பத்து சதவீத ஹைப்போவில் 600 மில்லி. இரண்டு மாதத்துக்குள் கேன் காலியாகியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை மார்ச்சிலேயே போட்டிருக்கலாம். நான் பேங்கில் வேலை பார்த்தவன் வேறு.

லேப் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். திங்கள் சாம்பிள், புதன் ரிப்போர்ட், 'லீஜியோனெல்லா இல்லை'. அந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்கவே பத்து நாள் வரை ஆகுமாம். சாம்பிள் எடுத்ததும் அவன் குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலில்தான், என் கண் முன்னால்.

அதற்கப்புறம் நடந்த நாடகம். முதல் நாள், "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கார்." மூன்றாம் நாள், "காலிபிரேஷன் பண்ணா சரியாயிடும்." ஒயரே இல்லாததற்குக் காலிபிரேஷன்! ஐந்தாம் நாள், "சென்சார் வாரண்டில வராது சார், 18,000 ஆகும்." அதாவது 1,84,000 போனது போதாது, மேலே 18,000. பிறகு நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். ஆப் கம்பெனிக்குப் போட்டால் ஒரு மெஷின் பதில் சொல்கிறது: பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, புகார் முடித்துவைக்கப்பட்டது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் முடித்துவைத்துவிட்டு 'எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்' என்று கேட்கிறார்கள். பில் என்று கொடுத்த தாளில் ஜி.எஸ்.டி. நம்பர் கிடையாது, மேலே 'கொட்டேஷன்' என்று அச்சடித்திருக்கிறது. அதையும் இப்போதுதான் பார்க்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இன்டர்காம் அடித்துக்கொண்டே இருக்கிறது. சுருக்கமாக: டி.பி.டி. மாத்திரை கிட் ஒன்று வாங்கிக் கடைசி மாடிக் குழாயில் நீங்களே பாருங்கள், குளோரின் இருந்தால் தண்ணீர் ரோஸ் ஆகும். எங்கள் வீட்டில் ஆகவில்லை. டி.டி.எஸ். பேனாவைக் காட்டிக் கிருமி பற்றிப் பேசினால் வெளியே அனுப்புங்கள், அது உப்பை மட்டும்தான் அளக்கும். கேனில் மார்க்கர் பேனாவால் தேதி போட்டுக் கோடு போடுங்கள். சாம்பிளை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர் பார்க்கிறார்கள். ஆப்புக்கு வெளியே காசு போடாதீர்கள். புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

ஞாயிறு பொதுக்குழு. 1,84,000-க்கு நான்தான் பதில் சொல்லியாக வேண்டும். பெட்டியை நேற்றே கழற்றிப் பழைய பேப்பரோடு கட்டி வைத்துவிட்டேன். இதை டைப் செய்யும்போது போனில் வந்து விழுகிறது: 0.50. உங்கள் தண்ணீர் பாதுகாப்பாக உள்ளது.