கியர் நாப் புதுப்பிக்கக் கொடுத்து ஏமாந்தேன்: பழைய லாரி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

எங்களிடம் 1986ஆம் ஆண்டு டாடா 1210 லாரி ஒன்று இருக்கிறது. பாடி கட்டியது நாமக்கல்லில். அப்பா ஓட்டினார், இப்போது நான் ஓட்டுகிறேன். அதன் கியர் நாப், அதாவது கியர் ராடின் தலையில் இருக்கும் பிடி, பேக்லைட் என்ற கருப்பு நிறக் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனது. அப்பாவின் கட்டைவிரல் பதிந்த இடத்தில் வழவழப்பான ஒரு குழி விழுந்திருந்தது. தலைப்பகுதியில் செதுக்கியிருந்த கியர் படத்தில் 3 என்ற எண்ணின் வளைவில் மட்டும் வெள்ளை பெயிண்ட் மிச்சமிருந்தது. உள்ளே இருந்த பித்தளை மரை தேய்ந்து, பிடித்தால் நாப் சுற்றத் தொடங்கியதால்தான் அதைச் சரிசெய்யக் கொடுத்தேன். குழியை அப்படியே விட்டுவிட வேண்டும், மரையை மாற்றி எழுத்தைத் தெளிவாக்கினால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

பழைய வண்டிச் சாமான்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஒரு பட்டறைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "புதுசாட்டம் பண்ணிப்போடலாமுங்க தம்பி, கவலையே வேண்டாம்" என்றார். கூலி 1,800 ரூபாய். ரசீது கேட்டதற்கு, வேலை முடிந்ததும் எழுதித் தருவதாகச் சொன்னார். கடைசி வரை தரவில்லை. கொடுப்பதற்கு முன் நான் போட்டோவும் எடுத்து வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்த நாப் கண்ணாடி போல் மின்னியது. அவரே ராடில் மாட்டியும் கொடுத்தார். அசைத்துப் பார்த்தேன், கல் போல நின்றது. ஆனால் குழி மறைந்திருந்தது, செதுக்கிய படமும் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார், அதில் நான்கு கியர்களுக்கான படம்தான் இருந்தது. எங்கள் வண்டிக்கு முன் கியர் ஐந்து. இதைச் சுட்டிக்காட்டியபோது, "ஓட்டுறவருக்குத் தெரியாதுங்களா" என்றார். அன்றே நாப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

மே மாதம், தருமபுரியில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் சேலத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். நான்காம் கியரிலிருந்து மூன்றுக்குக் குறைக்கக் கையை இழுத்தபோது நாப் மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. ராடு நியூட்ரலில் நின்றது. அந்த இறக்கத்தில் இன்ஜினின் பிடிப்பு போய்விட்டால் வண்டியின் எடையும் லோடின் எடையும் சேர்ந்து பிரேக் டிரம்களின் மேல்தான் விழும். டிரம் சூடேறச் சூடேறப் பிரேக்கின் பிடி குறைந்துகொண்டே போகும். நாப்பைக் கீழே போட்டுவிட்டு மொட்டை ராடை வெறுங்கையால் பிடித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி மூன்றாம் கியருக்குத் தள்ளினேன். விழுந்தது. அகலமான ஓரம் கிடைத்த இடத்தில் நிறுத்தி, கை நடுக்கம் அடங்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் அவர் செய்திருந்த வேலை தெரிந்தது. பித்தளை மரையைத் துளையிட்டு எடுத்துவிட்டு, புது மரை எதுவும் வைக்காமல், இரண்டு குழாய்களில் வரும் எபாக்சி பசையை ஊற்றி ராடின் மேல் அப்படியே ஒட்டியிருந்தார். சாதாரண வெப்பத்தில் இறுகும் இத்தகைய பசைகளில் பல, 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கிவிடும். கோடை மதியத்தில், இன்ஜின் மூடிக்குப் பக்கத்திலேயே நிற்கும் கியர் ராடுக்கு அந்தச் சூடு அபூர்வமானதல்ல. மேற்பூச்சோ மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷ்; விரல் வைத்தால் ரேகை பதியும் அளவுக்கு இளகியிருந்தது. அதைச் சுரண்டியபோது அடியில் வெளிறிய, சொரசொரப்பான பழுப்புப் பரப்பு தெரிந்தது. குக்கர் கைப்பிடி, பழைய கரண்ட் சுவிட்சு ஆகியவற்றில் நாம் பார்க்கும் பேக்லைட் பெரும்பாலும் மரத்தூள் போன்ற ஒன்றைப் பிசினோடு கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சில் வார்ப்பது. மேலே இருக்கும் மெல்லிய பிசின் தோல்தான் அதன் பளபளப்பு. மெஷினில் முரட்டு உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் அந்தத் தோல் போய்த் தூள் வெளியே தெரியும். ஒருமுறை இறுகிய பேக்லைட் சூட்டில் உருகாது என்பதால், உருக்கி நிரப்பிச் சரிசெய்யவும் வழியில்லை.

இந்த வேலையைச் சரியாகச் செய்ய அதிகம் தேவையில்லை. சோப்பு நீரில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் நீர் தொட்டுக் கையாலேயே மெதுவாகத் தேய்த்து, மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைத்தால் போதும். சில பழைய வார்ப்புகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருப்பதும் உண்டு, ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது. எழுத்துப் பள்ளங்களை ஊசியால் சுத்தம் செய்து, வெள்ளை எனாமல் பெயிண்டை உள்ளே தேய்த்து, மேலே வழிந்ததை அட்டை விளிம்பால் வழித்து, ஒரு நாள் காயவிட வேண்டும். மரை தேய்ந்திருந்தால் ராடின் மரை அளவை கேஜ் வைத்துப் பார்த்து, லேத்தில் அதற்கேற்ற பித்தளை புஷ் (உள்ளே மரை வெட்டிய சிறு குழாய்) கடைந்து பொருத்தி, அடியில் நாப் தளராமல் பிடிக்கும் செக் நட் போட்டு இறுக்க வேண்டும். பசை மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் நாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வேலை முடிந்து வாங்கும்போது, உங்கள் கண்ணெதிரில் கழற்றி மறுபடி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பசையால் ஒட்டியதைக் கழற்றிக் காட்ட முடியாது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. லாரியை வணிகத்துக்கு வைத்திருப்பதால் நாம் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும், ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழிலாகப் பயன்படுத்துபவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1915 என்ற உதவி எண்ணிலும் பேசலாம். ரசீது இல்லாத நான் எதை வைத்து நிரூபிப்பது என்பதுதான் இப்போதைய சிக்கல். உங்கள் சாமானைக் கொடுக்கும்போது, என்ன வேலை, எவ்வளவு கூலி என்று எழுதி வாங்காமல் கையை விட்டு விடாதீர்கள்.

மறுபடி பட்டறைக்குப் போனபோது அவர் 600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அளவு பார்த்து வேறு புஷ் கடையலாம் என்று அந்தப் பழைய பித்தளை மரையையாவது கேட்டேன். எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.