கோடை நீச்சல் முகாம்னு 8,400 ரூபாய் வாங்கிட்டு ஏமாத்தறாங்க: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரங்க கவனிங்க

"செகண்ட் பேட்ச் அட்மிஷன் ஓப்பன், சில இடங்களே உள்ளன"னு இன்னைக்குக் காலையில மறுபடியும் ஸ்டேட்டஸ் ஓடுது. அதைப் பார்த்த கோபத்துலதான் எழுதறேன். பேர் போடல. கிருஷ்ணகிரி டவுனைத் தாண்டி, தோப்புக்குள்ள கட்டின ஒரு தனியார் நீச்சல் குளம். அதை மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்து சம்மர் கேம்ப் நடத்தற ஒரு குரூப். ஓசூர், தருமபுரி, பாலக்கோடுன்னு எங்க பார்த்தாலும் இந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க. ஒரு ஆளுக்கு 4,200, எனக்கும் பொண்ணுக்கும் சேர்த்து 8,400 ரூபாய் கட்டினது. இதுவரைக்கும் ஒரு பைசா திரும்பி வரல.

நோட்டீஸ்ல இருந்தது இதுதான். பெண்களுக்கும் 8 வயசுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கும் தனி பேட்ச். காலை 6 மணியிலிருந்து 7 மணி வரை. பெண் பயிற்சியாளர். ஒரு பேட்ச்ல 8 பேர் மட்டும். நீச்சல் 15 வகுப்பு, வில்வித்தை 3 வகுப்பு, கடைசியில ஒரு நாள் கே.ஆர்.பி. அணையில (கிருஷ்ணகிரி அணைதான்) கயாக்ங்கற துடுப்புப் படகு, இன்னொரு நாள் ஒகேனக்கல்ல பரிசல். பயிற்சிக் கட்டணம் 3,600, கிட் 600. "அனைத்து வரிகளும் உட்பட"ன்னு கீழ போட்டிருந்தாங்க. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில வேலைக்கு வரும்.

இந்த ஊர்ல ஜனங்க ஏன் இவ்வளவு பணம் கட்டறாங்கன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். ஒவ்வொரு லீவுலயும் ஏரியில, விவசாயக் கிணத்துல, தண்ணி நிக்கற கல்குவாரிக் குட்டையில பிள்ளைங்க மூழ்கின செய்தி வருது. முன்னெல்லாம் தாத்தாவோ மாமாவோ முதுகுல சுரைக்குடுக்கை கட்டிக் கிணத்துல இறக்கி விட்டுக் கத்துக் கொடுத்தாங்க. இப்ப பாதிக் கிணத்துல தண்ணி இல்ல, மீதிக் கிணத்துல இறங்கப் படி இல்ல. அந்தப் பயத்தைக் காசாக்கறாங்க.

நம்பினது டெமோ நாள்ல. அந்த டெமோ நிஜமாவே நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லணும். வந்த பெண் கோச்சுக்கு வேலை தெரிஞ்சிருந்தது. யாருக்கும் ட்யூப் கொடுக்கல. முதல்ல சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாயால மூச்சை இழுத்து, தண்ணிக்குள்ள முகத்தை வெச்சு மூக்கு வழியாவும் வாய் வழியாவும் குமிழி விடச் சொன்னாங்க. அடுத்து முழங்காலைக் கட்டிக்கிட்டு மிதக்கறது. அதுக்கப்புறம் ரொம்ப முக்கியமான ஒண்ணு: மிதக்கிற நிலையிலிருந்து கையைக் கீழ அழுத்தி, முழங்காலை வயித்துக்கு இழுத்து, காலை ஊனி எழுந்திருக்கறது. புதுசா வர்றவங்க பயப்படறதே எழத் தெரியாததாலதான். இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்கற கோச் அபூர்வம். "எழுந்து நிக்கத் தெரிஞ்சாதான் அடுத்தது, அவசரமே இல்லை அக்கா"ன்னாங்க. அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்துதான் பக்கத்துல உட்கார்ந்திருந்த அத்தனை அம்மாக்களும் போனை எடுத்தாங்க. "இன்னைக்கே கட்டினா 4,200 மேடம், நாளைக்கு 6,000"ன்னு க்யூஆர் அட்டையை நீட்டினார் ஒருத்தர். ஸ்கேன் பண்ணினா முகாம் பேர் வரல, ஒரு தனி ஆள் பேர் வந்துச்சு. கேட்டதுக்கு "எங்க அக்கவுண்டன்ட் மேடம்"னார். ரசீதுக்குப் பதில் வாட்ஸ்அப்ல ஒரு கட்டைவிரல் வந்துச்சு. 8,400 ரூபாய்க்கு ஒரு கட்டைவிரல்.

அந்தக் கோச்சை அதுக்கப்புறம் யாரும் பார்க்கவே இல்ல. டெமோவுக்கு மட்டும் ஒரு நாள் கூலிக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு பிற்பாடுதான் தெரிஞ்சுது.

முதல் வகுப்புக்கு முந்தின ராத்திரி 10 மணிக்கு மெசேஜ்: "டெக்னிக்கல் காரணங்களால் பேட்ச் நேரம் காலை 11 டு 12." மே மாசம் 11 மணிக்கு, திறந்தவெளிக் குளத்துல! கரையில இருக்கற சிமெண்டுத் தரையில கால் வைக்க முடியாது, முதுகு வெந்துடும். வெளியில பயிற்சின்னா 9 மணிக்கு முன்னாடி, இல்ல சாயங்காலம் 4 மணிக்கு அப்புறம்தான். காலை 6 மணி ஸ்லாட்டை அதிக வாடகைக்கு வேற யாருக்கோ கொடுத்துட்டாங்க, இதுதான் அந்த டெக்னிக்கல் காரணம். தனி பேட்ச்சும் போச்சு. ஆணும் பெண்ணுமா 30 பேர். கோச்னு நின்ன பையன் கையில போன், கழுத்துல விசில்.

கணக்குப் போட்டுப் பாருங்க. குளம் 40 அடி நீளம், 20 அடி அகலம். 3.5 அடியில ஆரம்பிச்சு 6.5 அடி வரைக்கும் சரியுது. புதுசா கத்துக்கறவங்க நிக்கக்கூடிய பாதி 400 சதுர அடி. அதுல 30 பேர்னா தலைக்கு 13 சதுர அடிதான். கையை விரிச்சா அடுத்த ஆள் மூக்குல இடிக்கும். எந்த இடத்துல ஆழம் ஆரம்பிக்குதுன்னு கரையில ஒரு எண் கிடையாது, குறுக்கே மிதவைக் கயிறு கிடையாது, வீசற வளையம் கிடையாது, நீளக் கொம்புகூட கிடையாது. நீச்சல் தெரியாத ஆரம்பப் பேட்ச்ல ஒரு கோச்சுக்கு 6, மிஞ்சிப் போனா 8 பேர். அதுக்கு மேல போனா கோச்சால தலையை எண்ணத்தான் முடியும், கத்துக் கொடுக்க முடியாது. இந்தப் பையன் அதையும் எண்ணல.

எல்லாருக்கும் காத்தடிச்ச ட்யூப். இதுதான் பெரிய மோசடி, ஏன்னா பார்க்கறதுக்குப் பிள்ளை நீந்தற மாதிரியே இருக்கும். ட்யூப் போட்டா உடம்பு செங்குத்தா நிக்கும், இடுப்பு கீழ தொங்கும், சைக்கிள் மிதிக்கற மாதிரி கால் போகும். தண்ணி மேல படுக்கற சமநிலை வரவே வராது. பதினைஞ்சு நாள் கழிச்சு ட்யூபைக் கழட்டினா அதே இடத்துல முங்கும். ஆனா பயம் மட்டும் போயிருக்கும். பயம் போய், நீச்சல் வராத பிள்ளையை ஏரிக்கரைக்கு அனுப்பறது எவ்வளவு ஆபத்துன்னு இவங்களுக்குத் தெரியாதா என்ன?

600 ரூபாய் கிட் பத்தி ரெண்டே வரி. தொப்பி சந்தையில 80 ரூபாய் சரக்கு. கண்ணாடியைக் கண்ணுல வெச்சு அழுத்தினா வார் மாட்டாமலே ரெண்டு செகண்டாவது ஒட்டிக்கிட்டு நிக்கணும், இது உடனே விழுந்துச்சு, அதாவது தண்ணி உள்ள வரும்.

தண்ணிக்கு வருவோம். ரெண்டாவது வாரம் தண்ணி பாசி நிறத்துக்குப் போச்சு, மூக்கை அரிக்கற நெடி வேற. "குளோரின் நிறைய போட்டிருக்கோம் மேடம், அவ்ளோ சுத்தம்"னான் அந்தக் கோச் பையன். தலைகீழ். அந்த நெடி வேர்வையோடயும் மூத்திரத்தோடயும் கலந்து செலவாகிப்போன குளோரினோட நெடி. போதுமான அளவு இருந்தா நெடி குறைவாத்தான் இருக்கும். ஃபில்டர் மோட்டாரைக் கரண்டு மிச்சம் பிடிக்க நிறுத்தி வெச்சிருந்தாங்க. குளத்துத் தண்ணி மொத்தமும் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது ஃபில்டர் வழியா சுத்தி வரணும். வெயில்ல குளோரின் சில மணி நேரத்துல போயிடும், அதனாலதான் சாயங்காலத்துக்கு மேல மோட்டாரை ஓட விட்டுப் போடறது. இந்தக் குளத்துல சுமார் 1,13,000 லிட்டர் தண்ணி. குளோரினை 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) ஏத்தறதுக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 350 கிராம் வேணும். அதை வாளியில கரைச்சு, கசடு அடியில தங்கினதும் மேல் தெளிவை மட்டும் ஊத்தணும். இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? பிள்ளைங்க இறங்கறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி ரெண்டு குவளை பவுடரை அப்படியே வீசினாங்க. செலவாகாம மிச்சம் இருக்கற குளோரின் 1லிருந்து 3 பிபிஎம்முக்குள்ள, பி.எச். (தண்ணியோட அமில, காரத் தன்மை) 7.2லிருந்து 7.8க்குள்ள இருக்கணும். ரெண்டையும் பார்க்கறதுக்கு டெஸ்ட் கிட் இருக்கு. அங்க "அதெல்லாம் கண்ணால பார்த்தே தெரியும்"னு பதில். கண்ணால பார்த்தா குளத்தோட அடியில இருக்கற வடிகால் ஜல்லடையே தெரியல. ஜல்லடை தெரியலைன்னா யாரையும் இறக்கக்கூடாது. முங்கின ஆளும் தெரியமாட்டாங்கல்ல.

வில்வித்தை 3 வகுப்புன்னாங்க, நடந்தது ஒண்ணு. மூணு வில், அதுல ஒண்ணு பெரியவங்க இழுக்கற 28 பவுண்டு (நாணை இழுக்கத் தேவைப்படற பலம்). பத்து வயசுப் பிள்ளைக்கு 10லிருந்து 14 பவுண்டு போதும், மிஞ்சினா தோள்பட்டையில வலி வரும், பிடியும் கோணலாயிடும். முன்கைக்கு உறை இல்ல. நாண் அடிச்சுக் கன்றிப்போன கையோட நாலு பிள்ளைங்க வீட்டுக்குப் போச்சு. இலக்குக்குப் பின்னாடி வலையும் இல்ல, மண் மேடும் இல்ல, அந்தப் பக்கம் வண்டிப் பாதை. ஒரு பிள்ளை அம்பு எடுக்க முன்னாடி போகும்போதே இன்னொண்ணு நாணை இழுக்குது. விசில் அடிச்சு எல்லாரும் வில்லைக் கீழ வெச்ச பிறகுதான் கோட்டைத் தாண்டணும்ங்கற அரிச்சுவடி கூட அங்க இல்ல.

கயாக் நடக்கவே இல்ல. கே.ஆர்.பி. அணை நீர்த்தேக்கம் அரசாங்கத்தோடது, நினைச்சவங்க நினைச்சப்ப படகை இறக்க முடியாது. "பர்மிஷன் ப்ராசஸ்ல இருக்கு"ன்னாங்க. எந்த ஆபீஸ்ல மனு கொடுத்தீங்கன்னா பதில் இல்ல. ஒகேனக்கல் பரிசலுக்குச் சொன்ன காரணம் இன்னும் அழகு: "தண்ணி அதிகம் மேடம், பரிசலுக்குத் தடை." காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற பிலிகுண்டுலுல அளக்கற நீர்வரத்து எத்தனை கன அடின்னு பேப்பர்ல வந்துக்கிட்டே இருக்கு. தடை போடறது மாவட்ட நிர்வாகம், போட்டா அன்னைக்கே செய்தி வரும். அந்த வாரம் தடையே கிடையாது, ஜனங்க பரிசல்ல போயிட்டுதான் இருந்தாங்க. பொய் சொல்றதுலகூட ஒரு அக்கறை வேணாமா!

இதுக்கு அப்புறம் ஆரம்பிச்சது பணம் கேட்கற படலம். கோச் பையனைக் கேட்டா "மேனேஜர் அண்ணாகிட்ட பேசுங்கக்கா." மேனேஜரைக் கேட்டா "மோட்டார் ரிப்பேர், ரெண்டு நாள் பொறுங்க", "பெண் கோச் ஊருக்குப் போயிருக்காங்க, திங்கக்கிழமை வந்துடுவாங்க." எந்தத் திங்கக்கிழமைன்னு சொல்லல. நடத்தறவருக்குப் போன் பண்ணா "மாந்தோப்புல இருக்கேன், டவர் இல்ல"ன்னு கட் ஆகுது, அதே நேரத்துல ஸ்டேட்டஸ் மட்டும் அப்டேட் ஆகுது. குளத்து ஓனர்கிட்ட நேர்ல போனா "நான் குளத்தை வாடகைக்கு விட்டவன்மா, உங்க பணத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்ல." பணம் போன கணக்குக்காரரைக் கூப்பிட்டா "நான் வெறும் அக்கவுண்டன்ட்." விஷயமே இதுதான். குளம் ஒருத்தர், கணக்கு ஒருத்தர், நோட்டீஸ்ல இருக்கற பேர் ஒருத்தர், டெமோ காட்டினது இன்னொருத்தர். 8,400 ரூபாய்க்குப் பொறுப்புன்னு நிக்கறதுக்கு ஒரு ஆள் இல்லாத மாதிரியே இதை அமைச்சிருக்காங்க.

வாட்ஸ்அப் குரூப்ல நாலு அம்மாக்கள் சேர்ந்து கேட்டதும் "அட்மின்கள் மட்டுமே மெசேஜ் அனுப்ப முடியும்"னு மாத்திட்டாங்க. கடைசியா ஒரு ரீஃபண்ட் கணக்கு வந்துச்சு, படிங்க: 4,200ல ரிஜிஸ்ட்ரேஷன் 1,000 திருப்பித் தர இயலாது. கிட் 600. நடந்த 6 வகுப்புக்கு 300 வீதம் 1,800. (3,600ஐ 15 நீச்சல் வகுப்பால வகுத்தாலே 240தான் வருது, அதுலயே வில்வித்தையும் கயாக்கும் பரிசலும் அடக்கம்.) ஜி.எஸ்.டி. 648. போக மிச்சம் தலைக்கு 152 ரூபாய். வரி உட்படன்னு அவங்களே அச்சடிச்ச நோட்டீஸை அனுப்பி, ஜி.எஸ்.டி. நம்பரோட பில் கொடுங்கன்னு கேட்டதும் அந்த 152ம் போச்சு, நம்பரும் பிளாக்.

என்ன பண்ணணும்னு விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், எரிச்சல்ல இவ்வளவுதான் வருது. 18 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்கன்னா முதல்ல மாவட்ட விளையாட்டு அரங்கத்துல போய் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட கோடைப் பயிற்சி முகாமை விசாரிங்க. தனியார்னா டெமோ காட்டற கோச் பேரை எழுதி வாங்குங்க, "இவரே 15 வகுப்பும் எடுப்பார்"னு. டெமோ நாள்ல பணம் கட்டாதீங்க, சொல்லாம கொள்ளாம நடு வாரத்துல போய் நடக்கற வகுப்பைப் பாருங்க, ஜல்லடை தெரியுதா, தலை எத்தனைன்னு எண்ணுங்க. தனி ஆள் பேர் வர்ற க்யூஆர்னா நிறுத்திடுங்க. பாதிப் பணம் முதல்ல, பாதி நடுவுல.

ஏற்கெனவே கட்டினவங்க 1915க்குப் போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, வக்கீல் வேணும்னு இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வகுப்பே நடத்தாம ஆளே மறைஞ்சுட்டா 1930க்கு உடனே, அது சைபர் க்ரைம் உதவி எண். நோட்டீஸ், ஸ்டேட்டஸ், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் இன்னைக்கே போன்ல இறக்கி வெச்சுக்கோங்க, நம்ம குரூப்ல பாதியை அவங்க இப்பவே அழிச்சாச்சு.