பாலிஷ் புதுசு, பின் பிளாக் எப்படி? பழைய அப்ரைட் பியானோ வாங்குமுன்

கீறல் இல்லாத கறுப்புப் பெட்டி, மஞ்சள் ஏறாத கட்டைகள், துடைத்து மினுக்கிய பெடல்கள். “நல்ல கண்டிஷன்” என்று விற்பனைக்கு வரும் அப்ரைட் (செங்குத்தாக நிற்கும்) பியானோக்களில் பெரும்பாலும் கண்ணில் படுவது இவ்வளவுதான். இதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். பாலிஷை எப்போது வேண்டுமானாலும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். கம்பிகளை முறுக்கிப் பிடிக்கும் டியூனிங் பின்கள் செருகியிருக்கும் மரப்பலகைதான் பின் பிளாக். அது போனால் அதைச் சரிசெய்யும் செலவுக்கு வேறு பியானோவே வாங்கிவிடலாம்.

மேல் மூடியைத் தூக்கினால் உள்ளே இரு ஓரத்திலும் தாழ்கள் இருக்கும். அவற்றைத் திருப்பினால் முன்பலகை கையோடு வந்துவிடும். கீழ்ப்பலகையைப் பிடித்திருப்பது பொதுவாகக் கட்டைகளுக்கு அடியில் உள்ள ஒரு ஸ்பிரிங் பட்டை. அதை மேலே அழுத்தினால் போதும். திறக்கவே விடாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

முதலில் சுருதி. நடு ‘ஏ’ 440 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். எல்லாக் கட்டைகளும் ஒரே அளவுக்கு இறங்கியிருந்தால், பல ஆண்டுகள் டியூன் செய்யவில்லை என்றே பொருள். 415-ஐ ஒட்டி நின்றால் அரைச்சுருதி குறைவு. ஏற்றிக்கொண்டுவர ஒன்றுக்கு மேற்பட்ட டியூனிங் ஆகும், துருப்பிடித்த கம்பி இடையில் அறுந்தும் போகலாம். ஆனால் அங்கங்கே சில கட்டைகள் மட்டும் தாறுமாறாக அலறினால், பின்கள் மரத்தில் பிடிமானம் இழந்திருக்கக்கூடும். 200-க்கும் மேற்பட்ட கம்பிகளின் இழுவிசை மொத்தம் பல டன். அவ்வளவையும் மீறிச் சுருதி நிற்பது பின்னுக்கும் மரத்துக்கும் உள்ள உராய்வால்தான். பின்களைச் சுற்றிப் பிசுபிசுப்பான கறை தெரிந்தால், இறுக்கிப் பிடிக்க யாரோ மருந்து ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் பியானோ வேண்டாம்.

கம்பியை அடிக்கும் சுத்தியல்களின் ஃபெல்ட்டில் (கம்பளி உறையில்) கம்பித் தடம் லேசாக இருந்தால் தேய்த்து வடிவம் கொடுக்கலாம். மேல்ஸ்தாயியில் ஃபெல்ட் தேய்ந்து மரம் எட்டிப் பார்த்தால் மாற்றத்தான் வேண்டும். ஒலியைப் பெருக்கும் பெரிய பலகையான சவுண்ட்போர்டில் மெல்லிய விரிசலைக் கண்டதும் ஓட வேண்டாம். அதிர்ந்து இரையாதவரை தொல்லை இல்லை. கீழ்ஸ்தாயிக் கம்பிகளின் அதிர்வைச் சவுண்ட்போர்டுக்குக் கடத்தும் பாஸ் பிரிட்ஜில், அதிலுள்ள சிறு பின்களை ஒட்டி ஓடும் விரிசல்தான் கவலைக்குரியது.

88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு ஒட்டினால் ஈரப்பதத்தில் புஷிங் (கட்டையின் துளையில் உள்ள துணி) உப்பியிருக்கும், சின்ன வேலை. வரிசையாகப் பல சுத்தியல்கள் சோம்பலாகத் திரும்பினால் அவற்றின் கீல்களான ஃபிளாஞ்சுகளில் உள்ள அச்சு ஊசிகள் (சென்டர் பின்கள்) இறுகியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துச் செய்ய வேண்டியதால் கூலி எகிறும்.

கம்பியின் ஒலியை அடக்கும் டாம்பர்கள் சுத்தியல்களுக்கு மேலேயும், அவற்றின் கம்பிகள் முன்பக்கம் கூண்டு மாதிரியும் இருந்தால் அது பழைய ஓவர்டாம்பர் அமைப்பு. ஒலி சுத்தமாக நிற்காது, ரிப்பேருக்கும் பலர் கைவைக்க மாட்டார்கள். கட்டைகளுக்குக் கீழே, சுத்தியல்களை இயக்கும் பொறியான ஆக்‌ஷன் இறங்கியிருக்கும் குட்டை ஸ்பினெட்டும் ரிப்பேர் விஷயத்தில் அப்படித்தான்.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். யமஹா யு1 121 செ.மீ., யு3 131 செ.மீ.; அந்த 10 செ.மீ. வித்தியாசம் பாஸில் காதுக்குத் தெரியும். தயாரிப்பு ஆண்டை விற்பவர் வாயால் கேட்காமல், உள்ளே இருக்கும் சீரியல் எண்ணைக் கம்பெனிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

200 கிலோவைத் தாண்டும் எடை என்பதால், தூக்கிப் பழகியவர்களையே அழையுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே டியூனரைக் கூப்பிட வேண்டாம். மரம் புது அறையின் ஈரப்பதத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும்.